ஐடி வேலையை விட்டுவிட்டு ஆவணப்படம் எடுக்க வரலாமா?

நீங்கள் கேட்டது மூன்று. இந்தியாவில் தனி ஆளாக ஆவணப்படம் எடுப்பவர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள், சென்சார் தொல்லை எவ்வளவு, முதலில் என்ன கேமரா வாங்குவது. நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஐடி வேலையில் ஆறு வருடம், கையில் எட்டு லட்சம், இரண்டு வருடம் தாக்குப்பிடிக்கலாம் என்று. கேள்வி அங்கேதான் இருக்கிறது. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வரலாமா என்றுதான் கேட்கிறீர்கள். நான் இந்தத் தொழிலுக்கு எடிட்டராக வந்தவன், பத்தொன்பது வருடம் ஆகிறது. என் படம் என்று சொல்லிக்கொள்ள மூன்று இருக்கின்றன. மற்றவர்களுக்கு வெட்டிக் கொடுத்தவை நாற்பதுக்கு மேல். அந்த விகிதத்தைப் பார்த்தாலே பாதி பதில் தெரிந்துவிடும்.

மீதிப் பாதி: இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்கள் இரண்டு வருடக் கணக்கு தப்பு, அவ்வளவுதான்.

என் முதல் படத்தை 2006-இல் தொடங்கினேன். எட்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நோட்டில் எழுதியே வைத்திருந்தேன். நான்கு வருடம் ஆனது. அதில் கேமராவைக் கையில் பிடித்த நாட்கள் மொத்தம் ஐம்பத்து நாலு. மற்ற நாளெல்லாம் எங்கே போனது? படம் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. ஐப்பசி மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும், தை பிறந்த பிறகுதான் மறுபடி பாத்தி கட்டத் தொடங்குவார்கள். ஆக வருடத்தில் மூன்று நான்கு மாதம் அப்படிப் போனது. கைக்காசு தீர்ந்து இரண்டு முறை வேறு வேலைக்குப் போனேன். மினி-டிவி (MiniDV) என்ற சின்ன வீடியோ கேசட்டில் எழுபது எடுத்திருந்தேன், அதாவது எழுபது மணி நேரம். அதில் பாதிதான் பேச்சு என்றாலும், ஒரு மணி நேரப் பேச்சை எழுதியெடுக்க எனக்கு ஆறு மணி நேரம் பிடிக்கும். ஒரு மாதம் முழுசாக ஹெட்போனும் நோட்டுமாக உட்கார்ந்தால்தான் அது மட்டும் முடியும். எடிட்டிங் அதற்கு அப்புறம்.

ஆனால் நான் சொல்ல வந்த காலம் அது இல்லை. உப்பளத்தில் விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும், வெயில் ஏறினால் தரையைப் பார்க்கவே கண் கூசும். முதல் மூன்று நாள் நான் கேமராவைப் பையை விட்டு எடுக்கவில்லை. உப்பைக் குவித்து வைத்திருக்கும் அம்பாரத்துக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் ஓர் அக்கா பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "நாலு நாளா வந்து உக்காந்துருக்கியே தம்பி, ஒனக்கு வேற சோலியே கெடையாதா?" இதுதான்க்கா என் சோலி என்றேன். "இதுக்கு எவன் சம்பளம் குடுக்கான்?" யாரும் கொடுக்கவில்லை என்றதும் ஒரு பார்வை பார்த்தார். "அப்பன்னா அந்தத் தண்ணிக் கொடத்தத் தூக்கிட்டு வா." அன்றைக்கு மதியம்தான் கேமராவை எடுத்தேன். அதற்குப் பிறகும் முதல் மாதம் எடுத்தது எதுவும் தேறவில்லை. எல்லோரும் லென்ஸைப் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் பார்க்காத மாதிரி நடிக்கிறார்கள். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு எடுத்த ரஷ்தான் (எடிட் செய்யாத மூலக் காட்சி) படத்தில் இருக்கிறது. ஆவணப்படக்காரன் கையில் இருக்கும் ஒரே மூலதனம் நேரம்தான். டிவி சேனல்காரர் ஒரே நாளில் போய்விட்டு வருகிற இடத்தில் நம்மால் ஒரு வருடம் இருக்க முடியும், நமக்கும் அவருக்கும் வித்தியாசம் அதுதான். காசு, கருவி, குடும்பத்தைச் சமாதானம் செய்வது எல்லாமே அந்த நேரத்தை வாங்கத்தான். எட்டு லட்சத்தையும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கரைத்தால் நீங்கள் வாங்குவது பதற்றத்தைத்தான். பதினெட்டாம் மாதம் வரும்போது, கிடைத்த ரஷ்ஷை வைத்து முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படி முடித்த படங்களை எடிட் மேசையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, பிழைப்புக்கு வருவோம். சொந்த ஆவணப்படத்தை விற்று மட்டுமே குடும்பம் நடத்துகிற ஒருவரைக்கூட எனக்கு நேரில் தெரியாது. எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவர் விஸ்காம் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறார், ஒருவர் கல்யாண வீடியோ எடுக்கிறார், இரண்டு பேர் தொண்டு நிறுவனங்களுக்குத் திட்ட விளக்கப் படம் செய்து தருகிறார்கள். நான் எடிட்டிங்கில் ஓட்டுகிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பழைய வழக்கம்தான். ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை 1940-இல் வெளியிட்டார். அதற்காக நாடு நாடாக அலைந்து, பலர் பல காலத்தில் எடுத்து வைத்திருந்த படச்சுருளைச் சுமார் 50,000 அடி சேகரித்தார். அவரைப் பத்திரிகைக்காரராகவும் பயண எழுத்தாளராகவும்தான் பலருக்குத் தெரியும். 'குமரி மலர்' நடத்தியவர் என்றால் இலக்கியம் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். தமிழில் நம் தொழிலுக்கு மூத்தவரே இன்னொரு தொழிலும் வைத்திருந்தார்.

நல்கை (கிராண்ட்) என்று ஒரு வழி இருக்கிறது. 1948-இல் அரசு தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன் ஒரு காலத்தில் பெரிய புரவலர். தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடுமே, அந்த நியூஸ் ரீல்காரர்கள்தான். அதை 2022-இல் என்எஃப்டிசி என்ற அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். 2000-இல் தொடங்கிய பிஎஸ்பிடி என்ற அறக்கட்டளை தூர்தர்ஷனோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான படங்களுக்குப் பணம் கொடுத்தது. என் தலைமுறையில் பலருக்கு முதல் காசோலை அங்கிருந்துதான் வந்தது. அந்த வாய்ப்பும் இப்போது முன்பு போல் இல்லை. பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் இருக்கிறது. வெளியே ஆம்ஸ்டர்டாம் இட்ஃபா விழாவின் பெர்தா நிதி, பூசான் விழாவின் ஆசிய ஆவணப்பட நிதி, சண்டான்ஸின் ஆவணப்பட நிதி என்று சில உண்டு. கொல்கத்தாவில் நடக்கும் டாக்எட்ஜ் போன்ற பிட்சிங் மேடைகளில், அதாவது படத் திட்டத்தை எடுத்துச் சொல்லிப் பணம் கேட்கும் இடங்களில், வெளிநாட்டுத் தயாரிப்பாளர்களைச் சந்திக்கலாம். ஒன்றை மனதில் வையுங்கள். இவர்களில் பெரும்பாலோர் வெறும் கதைச் சுருக்கத்துக்குப் பணம் தரமாட்டார்கள், எடுத்த காட்சியைக் கேட்பார்கள். முதல் இருபது மணி நேர ரஷ் உங்கள் செலவில்தான். வெளிநாட்டுப் பணம் என்றால், வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டம் உங்கள் ஏற்பாட்டுக்குப் பொருந்துமா என்று கணக்குக்குள் பணம் வருவதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் அது மாறும். நான் எடிட்டர், சட்டம் என் துறை இல்லை.

என் முதல் படத்தின் கணக்கைச் சொல்கிறேன், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். செலவு நான்கு லட்சத்து முப்பதாயிரம். இதில் என் கூலி பூஜ்யம். ஒரு சின்ன நல்கை, ஒரு பரிசுத் தொகை, திரையிடல்களில் விற்ற டிவிடி, வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் வாங்கிய சில பிரதிகள் எல்லாம் சேர்த்து இதுவரை திரும்பி வந்தது ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம் சொச்சம். அதிலும் பெரிய பங்கு அந்த நூலகங்களுடையதுதான். இங்கே ஐந்நூறு பேர் டிவிடி வாங்கியதைவிட அங்கே நான்கு நூலகங்கள் வாங்கியது அதிகம். இது ஒரு ஆளின் கணக்கு, பொதுவிதி ஆகாது. என்னைவிட நன்றாக விற்றவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது ஓடிடி இருக்கிறதே என்பீர்கள். முதுமலைப் பாகர் தம்பதியைப் பற்றிய குறும் ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் வாங்கியது. கான் விழாவின் ஆவணப்பட விருது 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் இந்திய இயக்குநர்களின் படங்களுக்குப் போனது. இதெல்லாம் நிஜம், எங்களுக்கெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் உள்ளூர்ச் சந்தை அதனால் பெரிதாகிவிட்டதா என்பதில் எனக்குச் சந்தேகம். தளங்கள் ஆவணப்படம் என்று காசு கொடுத்து எடுப்பதில் கொலைவழக்கும் பிரபலங்களின் வாழ்க்கையும்தான் கண்ணில் படுகிறது. இது என் அபிப்பிராயம்தான், தளங்களுக்குள் உட்கார்ந்து முடிவெடுப்பவர் வேறு மாதிரிச் சொல்லலாம்.

அடுத்தது சென்சார். 1952 திரைப்படச் சட்டத்துக்கு ஆவணப்படம், முழுநீளப் படம் என்ற பேதம் கிடையாது. பொதுமக்களுக்குக் காட்டினால் சான்றிதழ் வேண்டும். இன்னும் சொன்னால், முன்கூட்டியே தணிக்கை செய்வது சரியா என்று உச்ச நீதிமன்றம் 1970-இல் விரிவாக ஆராய்ந்த வழக்கே கே.ஏ. அப்பாஸ் எடுத்த ஒரு குறும் ஆவணப்படத்தால் வந்ததுதான். தணிக்கை செல்லும் என்று தீர்ப்பானது, இன்றுவரை அதுவே அடிப்படை. தணிக்கை வாரியம் வெட்டச் சொன்னால் அத்தோடு முடிந்துவிடவில்லை. அணுகுண்டுச் சோதனைகளைப் பற்றிய ஆனந்த் பட்வர்தன் படத்துக்கு வாரியம் வரிசையாக வெட்டுகள் சொன்னது. அவர் மும்பை உயர் நீதிமன்றம் போனார், 2003-இல் ஒரு வெட்டும் இல்லாமல் படத்துக்கு அனுமதி கிடைத்தது. அன்றைக்கு இடையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒன்று இருந்தது. 2021-இல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது வாரியத்தின் முடிவு பிடிக்காவிட்டால் நேரே உயர் நீதிமன்றம்தான். தனி ஆளுக்கு இது எவ்வளவு செலவு என்று சொல்லவேண்டியதில்லை. 2023 திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ (பெற்றோர் வழிகாட்டலோடு சிறுவர் பார்க்கலாம்) சான்றிதழ் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது, சான்றிதழுக்குப் பத்து வருடக் கெடு என்பதும் போய்விட்டது. இணையத்தில் மட்டும் வெளியிட்டால் வாரியச் சான்றிதழ் தேவையில்லை, ஓடிடிக்கு 2021 விதிகளின்படி வயதுப் பிரிப்பைத் தளமே செய்துகொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது சட்டம், உறுதியாகச் சொல்லலாம். தெளிவில்லாத இடம் கல்லூரி, ஃபிலிம் சொசைட்டி, சங்கக் கூட்டம் மாதிரியான திரையிடல்கள். அழைப்பின் பேரில் வருபவர்களுக்குக் காட்டுவது பொதுக்காட்சியா இல்லையா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நடைமுறையில் நான் பார்த்தது வேறு. திரையிடலை நிறுத்தச் சொல்லும் போன் உங்களுக்கு வராது, அரங்கம் கொடுத்தவருக்குத்தான் வரும். மதியம் மூன்று மணிக்கு, "சார், மின்சாரத்தில் ஏதோ பிரச்சினை, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா" என்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அரங்கத்தை முடிவு செய்யும்போதே படம் எதைப் பற்றியது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், மாற்று இடம் ஒன்றும் கைவசம் இருக்கட்டும். 2004 மும்பை ஆவணப்பட விழாவுக்கு இந்தியப் படங்கள் தணிக்கைச் சான்றிதழோடு வரவேண்டும் என்று வந்தபோது எதிர்ப்பாகத் திரண்ட இயக்குநர்கள் 'விகல்ப்' என்று பக்கத்திலேயே தங்கள் விழாவை நடத்திவிட்டார்கள். மதுரையில் 1998-லிருந்தே ஆவணப்பட, குறும்பட விழா நடந்து வந்திருக்கிறது. திருவனந்தபுரத்தின் ஆவணப்பட, குறும்பட விழா 2008-இல் தொடங்கியது. மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஒரு தடவை பார்வையாளராகப் போய் வாருங்கள். தேநீர் இடைவேளையில் கிடைக்கிற தகவல் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது.

உரிமையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். சுயாதீனம் என்று நாம் சொல்வது படத்தின் இறுதி வடிவத்தை முடிவு செய்யும் உரிமை யார் கையில் இருக்கிறது, பதிப்புரிமை யார் பெயரில் இருக்கிறது என்ற இரண்டு விஷயம்தான். பணம் யாரிடம் வாங்கினாலும் அந்த இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் இரண்டாவது படத்தில் அதைக் கோட்டைவிட்டேன். பணம் கொடுத்த அமைப்பு பின்னாளில் படத்தைப் பன்னிரண்டு நிமிடமாகச் சுருக்கி, யாரோ ஒருவர் குரலைப் பின்னணியில் போட்டு, தன் ஆண்டு விழாவில் காட்டியது. ஒப்பந்தப்படி அவர்கள் செய்தது சரி. கையெழுத்துப் போட்டவன் நான்.

இன்னொரு உரிமையும் உண்டு, அது படத்தில் இருப்பவர்களுடையது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ரஃப் கட், அதாவது எடிட்டின் முதல் வரைவு, தயாரானதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உப்பளத்து அக்கா வீட்டுக்குப் போனேன். கொல்லையில் பாய் விரித்து உட்கார்ந்து, பாதி நேரம் பேரனை அதட்டிக்கொண்டே பார்த்தார். ஓர் இடத்தில் மகன் வாங்கிய மீட்டர் வட்டியைப் பற்றி அவரே பேசியிருந்தார். ஆள் பெயர் இல்லை, ஆனால் ஊருக்குத் தெரியும். படம் முடிந்ததும் சொன்னார், "அத மட்டும் எடுத்துரு தம்பி. அந்தாளு அடுத்த தெருதான்." படத்திலேயே கனமான நாற்பது விநாடி அது. என் எடிட்டர் நண்பர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எடுத்துவிட்டேன். படம் கொஞ்சம் பலவீனமானது உண்மைதான். எல்லாப் படத்துக்கும் இது பொருந்தாது, ஒரு மந்திரியோ முதலாளியோ கேட்டால் எடுக்கமாட்டேன். ஆனால் நான் ரயில் ஏறிய பிறகும் அவர் அந்தத் தெருவில்தான் குடியிருக்க வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? வேலையில் இருந்துகொண்டே, சனி ஞாயிறில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரே ஓர் இடத்தையோ ஆளையோ தேர்ந்தெடுங்கள். ஒரு வருடம் போங்கள். பயண வசதி, பார்ப்பதற்கு அழகு எல்லாம் பொருட்டில்லை, வருடம் முழுக்க ஏதாவது மாறிக்கொண்டே இருக்கும் இடமா என்று மட்டும் பாருங்கள். ஆறாவது மாதம் போர் அடித்தால் தப்பில்லை, வேலை கையில் இருக்கிறது. அடிக்காவிட்டால் முப்பது நாற்பது மணி நேர ரஷ், நாலு பேர் நம்பிக்கை, நல்கைக்கு அனுப்பப் பத்து நிமிடக் காட்சி எல்லாம் சேர்ந்திருக்கும். வேலையை விடுவதா என்று அப்போது யோசியுங்கள். அப்போதும் முழுசாக விடாமல், ஆறு மாதம் ஒப்பந்த வேலை, ஆறு மாதம் படம் என்று அமைக்க முடிந்தால் உங்களுக்கு என்னைவிட நல்ல காலம். எடிட்டர் கூலியைவிட ஐடியில் கூலி அதிகம்.

கருவிகளுக்கு வருகிறேன். இரண்டு பிரதி எடுத்து வைக்கச் சொல்வார்கள், நானும் வைத்திருந்தேன். இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் ஒரே பீரோவின் கீழ்த்தட்டில். 2015 டிசம்பரில் சைதாப்பேட்டை வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. ஒன்றரை வருட வேலையில் மீட்க முடிந்தது பதினோரு மணி நேரம். மூன்று பிரதி எடுங்கள், மூன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும், அம்மா வீட்டுப் பரணில் இருந்தாலும் சரி. 100 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 100 மெகாபிட்) 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. எண்பது மணி நேரத்துக்கு 3.6 டிபி, மூன்று பிரதிக்கு 10.8 டிபி. கேமரா வாங்கும்போதே இந்தச் செலவையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேமரா? இப்போது வைத்திருக்கிற போன் போதும், அல்லது செகண்ட்ஹேண்டில் ஏதாவது ஒரு மிரர்லெஸ் கேமரா. சுமாரான படத்தைப் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் சரியில்லாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். அதனால் நல்ல ஒரு காலர் மைக், ஒரு திசைச் சத்தத்தை மட்டும் பிடிக்கும் ஷாட்கன் மைக் ஒன்று, காற்றுக்கு அந்தப் பூனைமுடி உறை, பிறகு காதை மூடுகிற ஹெட்போன். உறையை மறக்காதீர்கள். நான் அது இல்லாமல்தான் உப்பளத்துக்குப் போனேன். கடற்காற்று, முதல் நான்கு கேசட்டில் அக்கா வாய் அசைகிறது, குரல் இல்லை.